மூன்று தாடிக்கு ஒரு சாட்சி

ஜொகூர் பாரு கோர்ட் வாசலில் பத்திரம் எழுதும் கிபாயத்துல்லா பாய் எல்லாவற்றையும் டைப் அடித்து முடித்துவிட்டார். கேமரா ஒன்று, தூரக்கண்ணாடி ஒன்று, டார்ச் லைட் ஒன்று, தலைப்பாகை ஒன்று, ஒட்டுத்தாடி மூன்று, எல்லாம் பழசு. அப்புறம்தான் நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்.

"சாட்சி எங்கே?"

"என்ன சாட்சி?" என்றார் சதாசிவம்.

"விக்கிறவர் இன்னார்தான்னு முகமும் பேரும் தெரிஞ்ச உள்ளூர் ஆள் கையெழுத்துப் போடணும். இல்லேன்னா பத்திரம் செல்லாது."

சதாசிவம் பதினோரு வருஷமாக இந்த ஊரில் துப்பறிகிறவர். சொந்த முகத்தோடு ஒரு டீக்கடையில்கூட உட்கார்ந்ததில்லை. அதைப் பெருமையாக வேறு நினைத்துக்கொண்டிருந்தார், பாவி மனுஷன்.

ஆனால் இன்றைக்கே விற்றாக வேண்டும். எதிரே இட்லிக்கடை போட்டிருக்கும் தனலெட்சுமிதான் காரணம். தனியாளாகக் கடை நடத்துகிறவள். ஏழு வருஷமாக அவள் கையால் சாமியாராகவும் வளையல்காரராகவும் மாறிமாறிச் சாப்பிட்டிருக்கிறார். வேஷம் எதுவானாலும் ஆசைப்பட்டது ஒரே மனசுதான். தாடி கையில் இருந்தால் கடைசி நேரத்தில் பயந்து ஒட்டிக்கொண்டுவிடுவோம் என்று அவருக்கே தெரியும். விற்றுத் தொலைத்துவிட்டு, நாளைக் காலை சொந்த முகத்தோடு போய், கட்டிக்கொள்கிறாயா என்று கேட்டுவிடுவதாக முடிவு. சாமான் வாங்க வந்த ஜெயபாலனோ மத்தியான ரயிலில் தன் ஊரான பாலோவுக்குத் திரும்புகிறவர்.

சைக்கிள் கடை மணியத்தைக் கூட்டிவந்தார். இவரைப் பார்த்ததே இல்லை என்று கையை விரித்துவிட்டான் மணியம். வேறு வழியில்லாமல் விற்கிற மூட்டையிலிருந்து ஒரு தாடியை எடுத்து ஒட்டிக்கொண்டார் சதாசிவம்.

"அட, என் மகளுக்குப் பேர் வெச்ச சாமி!" என்று மணியம் காலில் விழுந்தான். சாமி என்று எழுதினால் கையெழுத்துப் போடுகிறேன் என்றான். சதாசிவம் என்றால் மாட்டானாம்.

அடுத்து வீட்டுக்காரர் காளியப்பன் வந்தார். அவருக்காகத் தாடியைக் கழற்றித் தலைப்பாகையைக் கட்ட வேண்டியிருந்தது. இவர் வளையல் வியாபாரி மாணிக்கம், சத்தியமாகச் சொல்வேன் என்றார் காளியப்பன். மணியம் விடவில்லை, சாமிதான் என்றான். இருவரும் மல்லுக்கு நின்று, கடைசியில் இவன் இரண்டு பேருமே இல்லை, மோசடிக்காரன் என்பதில் மட்டும் ஒன்றாகிப் போலீஸைக் கூப்பிடக் கிளம்பிவிட்டார்கள்.

இத்தனை கூத்துக்கும் ஜெயபாலன் அசையவில்லை. கேமராவைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. ஒரே கவலைதான் அவருக்கு.

"தாடி மூணும் மூட்டையில இருக்கணும்ங்க. ஒண்ணு உங்க மடியிலயே இருக்கு."

அப்போது தனலெட்சுமி ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே வந்தாள். போலீஸுக்குக் கிளம்பிய இரண்டு பேரையும் இட்லித் தட்டோடு உட்காரவைத்துவிட்டுத்தான் வந்திருந்தாள்.

"இவர் பேர் சதாசிவம். ஏழு வருஷமாத் தெரியும். எங்கே கையெழுத்துப் போடணும் பாய்?"

சதாசிவம் மடியிலிருந்த தாடியை மூட்டையில் போட்டபடி கேட்டார். "உனக்கு எப்படி..."

"சாமியாரா வந்தாலும் வளையல்காரரா வந்தாலும் வேட்டி ஓரத்துல ஒரே டோபி குறிதானே. டோபியைக் கேட்டேன், பேரைச் சொன்னார். ஊருக்கெல்லாம் பொய் சொன்னீங்க, துணி வெளுக்கிறவருக்குச் சொல்ல மறந்துட்டீங்க."

நிதானமாகக் கையெழுத்துப் போட்டாள். சதாசிவம் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றார். ஒளித்துக்கொள்ள இனி தாடியும் இல்லை. அவருக்குக் கண் கலங்கியது.

பாய் முத்திரையைக் குத்திப் பத்திரத்தை நீட்டினார். "ஆமா, இத்தனை தாடியை வெச்சுக்கிட்டுப் பாலோவில என்ன பண்ணப்போறீங்க?"

ஜெயபாலன் மூட்டையை இறுக்கிக் கட்டினார்.

"எனக்கு எதுக்கு பாய்? இதுங்க தொலைஞ்சாத்தான் மனுஷன் சொந்த முகத்தோட பொண்ணு கேக்க வருவாருன்னு, இப்பக் கையெழுத்துப் போட்டாங்களே, எங்க அக்கா, அவங்கதான் வாங்கிட்டுப் போகச் சொன்னாங்க."