குதிரைக்குத் தாய்வழி பார்த்த வால்முடி

தண்டையார்பேட்டையிலிருந்து கல்மண்டபம் வரை இருந்த குதிரைகள் எல்லாம் ஒரே ஒரு மனுஷிக்குத்தான் பயந்தன. அவள் எங்கள் வீட்டு மாடியில் குடியிருந்தாள். சொந்தப் பெயரைச் சொன்னால் தெருவில் யாருக்கும் தெரியாது. ‘வால்முடி’ என்றால் தபால்காரர் கையைப் பிடித்து அழைத்து வந்து விடுவார்.

செல்போன் பெரிய மனிதர்கள் கையில் மட்டும் இருந்த காலம். வியாசர்பாடிப் பெண், குதிரைகளைப் பற்றி ஆராய்ச்சி. அவள் குடிவந்த முதல் வாரமே எனக்கு அதிர்ச்சி. தயிர் எடுக்க எங்கள் ஃப்ரிட்ஜைத் திறந்தால், பக்கத்தில் கவர் கவராகக் குதிரை முடி!

“இன்னாம்மா இது கண்றாவி?” என்று அலறினேன்.

“பயப்படாதக்கா. தயிர்ல படாமத்தான் வெச்சிகீறேன்.”

எதற்கு இந்த முடி என்று என் கணவர் கேட்டார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர்.

“மாமா, ஒடம்புல செல்லுக்குச் செல்லு, கரண்ட் குடுக்கற மாதிரி குட்டி குட்டி மிஷின் கீது. மைட்டோகாண்ட்ரியான்னு பேரு. அதுக்குன்னு தனியா ஒரு டி.என்.ஏ. அது அம்மாகிட்டேந்து மட்டுந்தான் வரும். அப்பன் தலகீழா நின்னாலும் அதுல கை வெக்க முடியாது. அத்தப் படிச்சா எந்தக் குதிரைக்கு எது தாய்வழி சொந்தம்னு தெரிஞ்சிடும்.”

பிள்ளைகள் இரண்டும் தன் ஜாடை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த மனிதர், அன்று பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டார்.

அடுத்த அதிர்ச்சி கல்மண்டபத்தில். பேண்டு வாத்தியத்தோடு மாப்பிள்ளை ஊர்வலம் போய்க்கொண்டிருந்தது. என்னோடு மார்க்கெட்டுக்கு வந்தவள் சட்டென்று கூட்டத்துக்குள் புகுந்து, வெள்ளைக் குதிரையின் வாலில் நாலு முடியைச் சுண்டி இழுத்தாள். குதிரை துள்ளியது. மாப்பிள்ளை பறந்து போய் டிரம் அடிப்பவர் மடியில் உட்கார்ந்தார். இவள் முடியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, “அக்கா, வேரோட வந்துடுச்சு!” என்று கத்தினாள். வேர் இருந்தால்தான் அவளுக்கு வேலை சுலபமாம்.

குதிரைக்காரரை எல்லோரும் நவாப் என்பார்கள். அடிக்கக் கை ஓங்கி வந்தார்.

“பாய், உன் குதிரை இன்னா வம்சம்னு நான் கண்டுபுடிச்சுச் சொல்லவா?”

ஓங்கிய கை அப்படியே மீசைக்குப் போனது. “அதுல இன்னாம்மா டவுட்டு? என் பேகம் அசல் மார்வாரி. ராஜஸ்தான் ராஜாங்க ஏறுன ஜாதிக் குதிரை!”

நவாப் கொட்டகைக்குப் பக்கத்தில் தேவராஜ் என்பவரின் கறுப்பி நிற்கும். காசிமேட்டில் மீன் வண்டி இழுக்கும் மட்டக்குதிரை. அது தன் வாசலில் நின்றுவிட்டுப் போனால், நவாப் அந்த இடத்தைக் கழுவிவிடுவார். வால்முடி அதன் வாலையும் விட்டுவைக்கவில்லை.

சில மாதங்கள் கழித்து முடிவு வந்தது. பேகத்தின் பெருமையைக் கேட்க நவாப் தெருவையே கூட்டிவைத்து ரோஸ்மில்க் கொடுத்துக்கொண்டிருந்தார். இவள் நேராகப் போய், “பாய், நான் படிச்ச டி.என்.ஏ. துண்டு வரைக்கும் பேகமும் கறுப்பியும் எழுத்துக்கு எழுத்து ஒண்ணு. ரெண்டும் ஒரே தாய்வழி” என்றாள்.

ரோஸ்மில்க் என் கையில் வழிந்தது.

“இந்தக் கலீஜ் வண்டிக் குதிரையா? அப்ப என் பேகம் மார்வாரி இல்லியா?”

“யாரு இல்லன்னாங்க? பேரு நாம வெச்சது பாய். தாய்வழி அந்தப் பேருக்கெல்லாம் கட்டுப்படாது. ஒரே ஜாதிக்குள்ள பல வழி கீது, ஒரே வழி பல ஜாதியில கீது.”

மறுநாள் நவாப் எங்கள் வாசலில் நின்றார். “என் குதிரை முடியத் திருப்பிக் குடு!”

“டெஸ்டுக்குக் கரைச்சிட்டேனே பாய்.”

“அப்ப அது பொய்யின்னு சொல்லு.”

“அது மட்டும் முடியாது.”

வாசலில் அப்படி நிமிர்ந்து நின்றவள், மாடிக்குப் போய் அழுதாள். நவாப் சொல்லிவைத்ததில் ஒரு குதிரைக்காரரும் அதன் பிறகு அவளை அண்டவிடவில்லை.

மழைக்காலம் வந்தது. கறுப்பி ஒருநாள் வயிறு உப்பித் தரையில் புரண்டது. மிருக டாக்டர் வெளியூரில். குதிரை வயிற்றுவலிக்குக் கைவைத்தியம் தெரிந்தவர் நவாப் ஒருவர்தான். தேவராஜ் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். வால்முடி நனைந்துகொண்டே நவாப் வீட்டுக்கு ஓடினாள். பின்னால் குடையோடு நான்.

“பாய், பேகத்தோட சொந்தம் சாவுது. வா.”

“சொந்தமா? எவ சொன்னது?” என்று திட்டினார் நவாப். திட்டிக்கொண்டே செருப்பை மாட்டினார். திட்டிக்கொண்டே கறுப்பியை எழுப்பி, வயிறு இளகுவதற்காகச் சாயங்காலம் வரை மழையில் நடத்தினார். தெருவே கூட நடந்தது. கடைசியில் கறுப்பி வாலைத் தூக்கிச் சாணம் போட்டதே, பார்க்கணும்! தேர்தலில் ஜெயித்த மாதிரி கைதட்டல். தேவராஜ் அந்தச் சாணத்தைத் தொட்டுக் கும்பிட்டார்.

நவாப் தன் கொட்டகைக் கதவைத் திறந்தார். “உள்ள கட்டு. பேகம் பக்கத்துல எடம் கீது” என்றார். என் காதையே நான் நம்பவில்லை.

படிப்பு முடிந்து, வடக்கே வேலை கிடைத்து அவள் கிளம்பினாள். ஆட்டோ தெருமுனை திரும்பிய பிறகும் நான் வாசலிலேயே நின்றேன்.

“மாடிக்கு வேற ஆள் பார்க்கணும்” என்றார் என் கணவர்.

“கொஞ்ச நாள் காலியாவே கிடக்கட்டும்” என்றேன்.