படகைச் சரிக்க ஒரு பொத்தான்

யாழ்ப்பாணக் குடாநாடு முழுவதிலும், ஒரு மனிதரின் நிறையைத் தராசில் ஏற்றாமல், கிட்டப் போகாமல், அவர் ஐம்பது மீற்றர் தூரத்தில் நடந்து வரும்போதே அரைக் கிலோ பிசகாமல் சொல்லக்கூடியவர் ஒரே ஒருவர்தான். அவர் வைத்தியர் அல்ல. இறைச்சிக் கடைக்காரரும் அல்ல. காரைநகர்த் துறைக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடையில், இருபது பேர் கொள்ளும் பழைய மர லோஞ்சு ஒன்றை ஓட்டிய தண்டையல். ஊர் அவரை மட்டத்தார் என்றது. சொந்தப் பெயர் அவருடைய அடையாள அட்டைக்கும் மனைவிக்கும் மட்டுமே தெரியும். மனைவியும் கோபம் வந்தால்தான் அதைப் பாவிப்பார்.

பெயருக்குக் காரணம், சுக்கானுக்கு முன்னால் இருந்த பலகையில் அவர் பூட்டி வைத்திருந்த நீர்மட்டம். மேசன்மார் சுவர் கட்டும்போது வைத்துப் பார்ப்பார்களே, மஞ்சள் சட்டத்துக்குள் சிறு கண்ணாடிக் குழாயும் குழாய்க்குள் ஒரு குமிழும், அதுதான். மற்றத் தண்டையல்மார் கடலைப் பார்த்து ஓட்டினார்கள். இவர் குமிழைப் பார்த்து ஓட்டினார். குமிழ் இரண்டு கோடுகளுக்கும் நடுவில் வந்து நிற்கும்வரை லோஞ்சு துறையை விட்டு அசையாது.

ஊர்காவற்றுறையில் ஓர் அலுவலகத்தில் நான் எழுதுவினைஞனாக இருந்த ஏழு வருடமும், சண்டிலிப்பாயிலிருந்து மோட்டார்ச் சைக்கிளில் காரைநகர்த் துறைக்கு வந்து அவருடைய லோஞ்சில்தான் ஏறினேன். என் நாட்குறிப்பில் அந்த முதல் பயணத்து நாளின் பதிவு இப்படி இருக்கிறது: ‘திங்கள். லோஞ்சில் மூன்று முறை எழுப்பி இடம் மாற்றினார்கள். காரணம் தெரியவில்லை.’ செவ்வாய்க்கிழமை தெரிந்தது. சாப்பாட்டுப் பெட்டியை நான் வலது மடியில் வைத்திருந்தேனாம்.

ஆட்களை அவர் சோடி சோடியாகத்தான் இருத்துவார். சோடி என்றால் நிறையில் சோடி. ஊர்காவற்றுறைப் பக்கத்துப் பள்ளிக்கூட அதிபர் ஒருவருக்கும், மீன் கூடையோடு வரும் ஓர் அக்காவுக்கும் ஒரே நிறை. ஆனபடியால் அவர்கள் இருவரும் வருடக்கணக்காக எதிரெதிரே இருந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி போய்வந்தார்கள். ஒரு தீபாவளி விடுமுறை முடிந்து அதிபர் லோஞ்சில் கால் வைத்ததும் மட்டத்தார் குமிழைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “சேர், ரெண்டு கிலோ ஏறிப்போனியள். அக்கா, அந்தப் பற்றறியை உங்கடை காலடிக்கு இழுங்கோ.” அதிபர் அந்த மாதம் முழுவதும் காலைச் சாப்பாட்டை விட்டுவிட்டார் என்று கேள்வி.

இன்னொரு நாள், ஒரு புதன்கிழமை, இடப்பக்க ஓரத்தில் வழக்கமாக இருக்கும் தாதி ஒருத்தியை எழுப்பி நடு வாங்குப் பலகையில் இருக்கச் சொன்னார். ஏன் என்று அவள் கேட்டாள். “இனி உன்ரை கணக்கு நாளுக்கு நாள் மாறும் பிள்ளை. எனக்கு ஒவ்வொரு நாளும் ஆக்களை மாத்தி இருத்தேலாது” என்றார். அவள் முகம் சிவந்து குனிந்துகொண்டாள். லோஞ்சு அக்கரை சேர்வதற்குள் பதினெட்டுப் பேருக்கும் விஷயம் விளங்கிவிட்டது. கணவன் துறையில் காத்து நின்றான். செய்தி அவனுக்குத்தான் கடைசியாகக் கிடைத்தது.

கரையிலும் அவர் இப்படித்தான். வலக்கையில் ஒரு கிலோ சீனி வாங்கினால், இடக்கைக்கு ஒரு கிலோ கோதுமை மாவும் வாங்காமல் கடையை விட்டு இறங்கமாட்டார். தங்கள் வீட்டில் மா முடியாததற்குக் காரணம் சீனி என்று அவருடைய மனைவி என்னிடம் விளக்கினார். நான் அதை எழுதி வைத்துக்கொண்டேன்.

பயணத்தின் நடுவில் யாராவது டொல்பினைப் பார்க்க, அல்லது கடற்கோட்டைப் பக்கம் போகும் வெள்ளைக்காரரைப் பார்க்க ஒரு பக்கமாக எழுந்தால், பின்னால் திரும்பாமலே ஒரு சத்தம் வரும்: “நேரை இருங்கோ.” இரண்டு சொற்கள்தான். மந்திரம் போட்டது போல எல்லாரும் பழைய இடத்தில் இருப்பார்கள். குமிழ் நடுவுக்கு வரும்.

இப்படிப்பட்ட மனிதரிடம்தான் ரூபன் வந்து சேர்ந்தான்.

ரூபன், லோஞ்சின் சொந்தக்காரருடைய மகன். தகப்பன் காலமான பிறகு கனடாவிலிருந்து வந்தவன். வயது முப்பத்தைந்து இருக்கும். உறையில் போட்ட நீளமான ஒரு பலகையோடு அவன் துறையில் இறங்கியது தை மாதத்துக் கடைசி வெள்ளிக்கிழமை. சவப்பெட்டிக்கு மூடி கொண்டுவந்திருக்கிறான் போல என்றார் மீன்கார அக்கா. அது அலையில் சறுக்கும் பலகை.

அவன் சொன்ன தொழில் ‘வேக் சேர்விங்.’ கடல் அலைக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. படகு தன் பின்னால் கிளப்பும் அலையிலேயே பலகையில் நின்று சறுக்கலாம். வெளிநாட்டில் ஏரிகளில் இதற்குப் பெரிய கூட்டம். இரண்டு துறைக்கும் நடுவிலுள்ள நம்முடைய கடற்கால்வாயும் காற்றுக்கு மறைவானது, ஆழமும் போதும், உல்லாசப் பயணிகள் வருவார்கள் என்றான். சைக்கிளில் அவசரமாகப் போகும் வேகம் போதுமாம். எழுந்து நிற்கும்வரை படகில் கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு, பிறகு அதை விட்டுவிடவேண்டுமாம்.

“கயிறை விட்டால் ஆர் இழுக்கிறது?” என்று கேட்டார் மட்டத்தார்.

“அலை, மாமா.”

“அலைக்கு ஆர் சொன்னது?”

அன்றைக்கு லோஞ்சு இருபது நிமிடம் பிந்திப் போனது. ஒருவரும் முறையிடவில்லை. எல்லாருக்கும் கேள்வி இருந்தது.

எந்தப் படகில் செய்வது என்பதுதான் சிக்கல். ஊரில் உள்ள பைபர் போட்டுகள் சரிவராது. அவற்றில் எஞ்சின் பின்னால் தொங்குகிறது. விழுகிறவன் சுழலும் விசிறியின் மேலேயே விழுவான். விசிறி வயிற்றுக்குக் கீழே ஒளிந்திருக்கும் படகு வேண்டும். அந்தக் கணக்கில் மட்டத்தாரின் லோஞ்சு தப்பியது. ஆனால் ரூபனின் போனில் இன்னொரு படகு இருந்தது. இந்த வேலைக்கென்றே செய்த புதுப் படகு, சப்பாத்துப் போல மினுங்கியது. உள்ளேயே தண்ணீர்த் தாங்கிகள், முன்னால் ஒரு கண்ணாடித் திரை. அலை எந்தப் பக்கம், எவ்வளவு உயரம் என்று விரலால் தொட்டால் போதும்.

“இந்தப் பொத்தானை அமத்தினால் போட் இடக்கைப் பக்கம் சரியும் மாமா. சரிஞ்சால்தான் அந்தப் பக்கத்திலை நல்ல அலை வரும்.”

மட்டத்தார் போனை வாங்கி, அதையும் ஒரு தரம் நேராகப் பிடித்துப் பார்த்தார். “சரியாமல் இருக்கிறதுக்குப் பொத்தானோ?”

“இல்லை, சரியிறதுக்கு.”

“காசு குடுத்து?”

“ஓம்.”

அவர் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, வெற்றிலை துப்பப் போகிறவர் போலத் துறையின் ஓரத்துக்குப் போய் வெகுநேரம் நின்றார். அவர் வெற்றிலை போடுகிறவர் அல்ல.

ரூபன் நல்ல பிள்ளை. கனடாவில் தான் பழகியதும் ஒரு பழைய படகில்தான், நண்பர்கள் சேர்ந்து தண்ணீர்ப் பைகளை ஒரு பக்கம் அடுக்கிச் சரித்த படகில்தான் என்றான். லோஞ்சு நல்ல அலை தந்தால் அதையே வைத்துக்கொள்வான். தராவிட்டால் புதுசு. புதுசு வந்தால் அதை ஓட்டப் பயிற்சி பெற்ற ஒருவன் வருவான். லோஞ்சு கரையேறி விறகாகும். அவன் இதை மறைக்கவில்லை. மட்டத்தாருக்கு முன்னால்தான் சொன்னான்.

எழுத்து வேலை செய்கிறவன் என்பதால், இரண்டு படகையும் ஒப்பிட்டு எழுதித் தரும்படி என்னைக் கேட்டான். கொப்பியில் நடுவே கோடு போட்டேன். பழையது: பாரமான மரம், தண்ணீரில் ஆழமாக அமிழ்ந்து ஓடும். பழுதானால் ஊர்காவற்றுறையில் ஒரு சுத்தியலும் கொஞ்சம் கம்பியும் போதும். ஆனால் சரிவதில்லை. புதியது: சொன்னபடி சரியும், ஒவ்வொரு முறையும் ஒரே அலை தரும். ஆனால் உப்புக் காற்றில் அந்தக் கண்ணாடித் திரை எத்தனை நாளைக்கு உயிரோடு இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. செத்தால் அடுத்தது கப்பலில் வரவேண்டும்.

அடுத்த நாள் துறையில் மட்டத்தார் என்னைத் தனியே கூப்பிட்டார். “கிளாக்கர், பழசின்ரை பக்கம் ரெண்டு வரி கூட எழுதினால் என்ன?”

“அப்ப மட்டம் போயிடுமே அண்ணை.”

பகிடியாகத்தான் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. நான் சொன்னது சரி என்பது போலத் தலையாட்டிவிட்டுப் போனார். அன்றைய பதிவில் அந்தப் பகிடியை நான் எழுதவில்லை.

முதல் பரீட்சை மாசி மாதத்தில். ஐந்து நீலப் பீப்பாக்களில் கடல் தண்ணீர் நிரப்பி இடப்பக்கம் வைத்தார்கள். ரூபன் தண்ணீரில் குதித்துக் கயிற்றைப் பிடித்தான். லோஞ்சு ஓடியது. அலை ஒன்று வந்தது, ஆனால் சோர்ந்துபோன அலை, கயிற்றை விட்டதும் ரூபன் அமிழ்ந்தான். மூன்று தரம் இப்படி. ஏறிவந்து பார்த்தால் நங்கூரம், மேலதிக பற்றறி, இரண்டு மூட்டை சீமெந்து எல்லாம் வலப்பக்கம் இருந்தன. ‘குமிழ் ஓடிச்சுது’ என்றார் மட்டத்தார்.

இரண்டாம் தரம் ரூபன் எல்லாப் பாரத்தையும் தானே கட்டி முடிச்சுப் போட்டான். அப்போதும் அலை வரவில்லை. மட்டத்தார் ஒற்றைக் கையால் சுக்கானைப் பிடித்துக்கொண்டு, உடம்பு முழுவதையும் வலப்பக்கக் கம்பிக்கு வெளியே தொங்கவிட்டபடி ஓட்டிக்கொண்டிருந்தார். தான் அப்படித் தொங்குவது அவருக்கே தெரியாது.

ரூபன் ஈரத்தோடு வந்து முன்னால் நின்றான். “மாமா, நீங்கள் எந்தப் பக்கம்?”

“நான் நடு.”

பங்குனி மாதத்து மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை கடைசிப் பரீட்சை. அடுத்த நாள் புதுப் படகுக்காரரோடு கதைக்கப் போவதாக ரூபன் சொல்லிவிட்டான். பீப்பாக்களின் பாரம் போதாது, ஆட்களும் வேண்டும் என்றான். வழக்கமான பயணிகள் நாங்கள் பதினெட்டுப் பேரும் லீவு நாளென்றும் பாராமல் வந்து உயிர்காப்பு அங்கியைப் போட்டுக்கொண்டோம். உதவி செய்ய வந்தோம் என்று சொல்லிக்கொண்டோம். புதினம் பார்க்கத்தான் வந்தோம்.

மட்டத்தார் எங்களை இருத்தினார். பழக்கம் விடவில்லை. இடப்பக்கத்துப் பீப்பாக்களுக்குச் சரியாக, வலப்பக்கம் பார்த்துப் பார்த்து ஆட்களை நிரப்பினார். அதிபர் ஒரு பக்கம், அக்கா மறுபக்கம். குமிழ் நடுவில் நின்றது. லோஞ்சு புறப்பட்டது.

ரூபன் கயிற்றைப் பிடித்து எழுந்தான். வலப்பக்கம் இருந்தவர்களுக்கு அவன் தலைதான் தெரிந்தது. ஒருக்கால் பார்த்துவிட்டு வருகிறேன் என்று அதிபர் முதலில் எழும்பினார். பிறகு தாதி, கைக்குழந்தையை வீட்டில் விட்டு வந்தவள். பிறகு எல்லாரும். இடப்பக்கப் பின்மூலையில் பதினெட்டுப் பேரும் குவிந்தோம். லோஞ்சு எங்கள் பக்கம் சாய்ந்தது. பின்னாலிருந்த தண்ணீர் மடிந்து, உருண்டு, பச்சையாக மேலெழும்பியது. ரூபன் கயிற்றை எறிந்தான். அவன் விழவில்லை.

“நேரை இருங்கோ.”

ஒரு கணமும் யோசிக்காமல் நாங்கள் அத்தனை பேரும் போய் அவரவர் இடத்தில் இருந்தோம். லோஞ்சு நிமிர்ந்தது. அலை படுத்தது. ரூபன் அதோடு சேர்ந்து தண்ணீருக்குள் போனான்.

அவன் நீந்திவந்து ஓரத்தைப் பிடித்தான். கோபிக்கவில்லை. “மாமா, இனி ஒருக்கால்தான். எனக்கும் கை ஓய்ஞ்சு போச்சு. பேந்து நான் நாளைக்கு அவையளோடை கதைக்கத்தான் வேணும்.”

மட்டத்தார் தோளில் கிடந்த துவாயை எடுத்தார். முகம் துடைக்கப் போகிறார் என்று நினைத்தேன். அதை நீர்மட்டத்தின் மேல் போட்டு மூடினார்.

“எல்லாரும் இடக்கைப் பக்கம் வாங்கோ.”

ஒருவரும் அசையவில்லை. நாங்கள் பிழையாகக் கேட்டுவிட்டோம் என்றுதான் நினைத்தோம். என்ன சொன்னீர்கள் என்று அதிபர் மரியாதையாகக் கேட்டார்.

“காது கேக்கேலையோ சேர்? இடக்கைப் பக்கம். அக்காவுக்குப் பக்கத்திலை போய் இருங்கோ. நான் சொல்லுமட்டும் ஒருதரும் எழும்பக்கூடாது.”

வருடக்கணக்காக எதிரெதிரே இருந்தவர்கள் முதல்முறையாக ஒரே வாங்கில் இருந்தார்கள். அக்கா கொஞ்சம் ஒதுங்கி இடம் விட்டார். லோஞ்சு வேகமெடுத்தது, சரிந்தது. அலை எழும்பியது. முந்தியதை விடப் பெரிய அலை. ரூபன் கயிற்றை விட்டான். இழுக்க ஒருவருமில்லாமல், வீதியில் நடந்து வருகிறவன் போல, அவன் எங்களுக்குப் பின்னாலேயே வந்துகொண்டிருந்தான்.

புதுப் படகுக்காரருக்கு ரூபன் பிறகு அழைப்பு எடுக்கவே இல்லை. இடப்பக்க வாங்குகளுக்குக் கீழே இரண்டு தண்ணீர்த் தாங்கிகளைப் பூட்டி, காலையும் மாலையும் பயணிகளோடு நிமிர்ந்தும், இடையில் உல்லாசப் பயணிகளோடு சரிந்தும் அதே லோஞ்சு ஓடுகிறது. ஆனால் அன்றைக்கு அதெல்லாம் எங்களுக்குத் தெரியாது. நான் சுக்கானுக்குப் பக்கத்தில், இடப்பக்கமாக நின்றுகொண்டிருந்தேன்.

மட்டத்தார் முன்னாலேயே பார்த்துக்கொண்டு கேட்டார்: “கிளாக்கர், எப்பிடி இருக்கு?”

நல்ல அலை என்றேன். அவருக்கு அது போதவில்லை. எவ்வளவு உயரம், இடுப்பளவா நெஞ்சளவா, நுரை எந்த இடத்தில் தொடங்குகிறது, ரூபனுக்குப் பின்னால் உடைகிறதா முன்னாலா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எனக்குத் தெரிந்த தமிழில் சொல்லிப் பார்த்தேன். இருபத்தைந்து வருடம் நாட்குறிப்பு எழுதிய எனக்கு ஓர் அலையைச் சொல்ல வரவில்லை.

“நான் ஒருநாளும் பின்னாலை பாத்ததில்லை” என்றார். பிறகு, “உதைக் கொஞ்சம் பிடி. அசைக்காதை. அந்த மிதவையடியிலை வலப்பக்கம் திருப்பு” என்று சுக்கானை என் கையில் தந்துவிட்டு நடந்தார்.

பின்மூலையில் சனம் விலகி அவருக்கு வழி விட்டது. அவர் கம்பத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தார். எஞ்சின் சத்தத்துக்கு மேலால் அவருடைய குரல் எனக்குக் கேட்டது. எங்களிடம் கேட்டது போலவும் இல்லை.

“இவ்வளவு காலமும் இது என்ரை பின்னாலை வந்துகொண்டிருந்ததோ?”

மிதவை வந்தது. திருப்பினால் அலை கலைந்துவிடும்; நான் திருப்பவில்லை. அவர் இன்னும் கொஞ்ச நேரம் பார்க்கட்டும் என்று அப்படியே விட்டேன்.