முக்திநாத்துக்குப் போன மாப்பிள்ளை

"கட்டிங் சுத்தமா இருக்கு மாப்ள. ஒட்டுறதுக்கு எம்புட்டு நேரம் ஆச்சு?"

நேபாளத்துப் பனிமலைக்கு முன்னால் பைக்கோடு நின்று எடுத்த போட்டோவைக் காட்டிய அன்பரசனுக்கு, மாமனார் சங்கிலிமுத்து கொடுத்த பாராட்டு இதுதான்.

தீபாவளி முடிந்து பட்டாசுக் கம்பெனிகள் ஒரு மாதம் மூடிக் கிடந்த நேரத்தில், முனியராஜ், உக்கிரபாண்டி என்ற இரண்டு கூட்டாளிகளோடு அவன் சிவகாசியிலிருந்து நேபாளம் வரைக்கும் பைக்கிலேயே போய்விட்டு வந்திருந்தான். சத்தியமாகப் போனான். இடுப்பு இன்னும் நிமிரவில்லை. முக்திநாத் கோயிலுக்குப் போகிற வழியில் மூன்று பேரும் வண்டியை நிறுத்தி, பனியை அள்ளி ஒருவன் சட்டைக்குள் ஒருவன் போட்டுப் பைத்தியம் மாதிரி கத்தியிருக்கிறார்கள்.

ஆனால் யாரும் நம்பவில்லை; அவன் பார்த்த வேலை அப்படி. பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் அடிக்கும் அச்சகத்தில் கம்ப்யூட்டரில் படம் ஒட்டுகிறவன். சாத்தூரைத் தாண்டாத குழந்தைகளையெல்லாம் பனிமலையில் உட்கார வைத்தவன். போன வருஷம் மாமனாரின் அறுபதாம் கல்யாணத்துக்கு அவரையே கைலாயத்துக்கு முன்னால் நிறுத்தி ஃபிளக்ஸ் அடித்ததும் இவன்தான். பனிமலை என்பது அச்சாபீஸில் இருக்கிற சரக்கு என்று அந்தப் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

"நெசத்தச் சொல்லுங்க. எங்க போயிருந்தீக?" என்றாள் மனைவி வேல்விழி.

குற்றாலத்தில் கூட்டாளிகளோடு கும்மாளம் என்று அவளாகவே முடிவு கட்டி, பெட்டியோடு ஏழாயிரம்பண்ணைக்கு, அம்மா வீட்டுக்கு வந்துவிட்டிருந்தாள். உண்மை வந்தால்தான் தானும் வருவாளாம்.

அன்பரசன் நேபாளத்தில் வாங்கிய கம்பளிக் குல்லாவை எடுத்து வைத்தான். மாமியார் வேலுத்தாய் உள்ளே போய், அதே மாதிரி ஒன்றைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். மதுரை பஸ் ஸ்டாண்டு பக்கம் கார்த்திகைக்குக் கார்த்திகை விற்கிறதாம்.

மறுநாள் சாட்சிக்கு உக்கிரபாண்டியைக் கூட்டி வந்தான். வம்பே அங்கேதான் முற்றியது. இமயமலையைப் பற்றி அவன் ஒழுங்காகத்தான் சொல்லிக்கொண்டு வந்தான். அங்கே என்ன சாப்பிட்டீர்கள் என்று வேல்விழி கேட்டதும், "கொழுக்கட்டைக்குள்ள கோழிக்கறி வச்சு அவிச்சுத் தாராகம்மா" என்று நடந்ததைச் சொல்லிவிட்டான்.

பிள்ளையாருக்குப் படைக்கிற பண்டத்தில் கோழிக்கறியா என்று வேலுத்தாய் காதைப் பொத்திக்கொண்டாள். சங்கிலிமுத்து கண்ணை மூடி முருகனைக் கூப்பிட்டார். அவர் வருஷம் தவறாமல் தீபாவளி முடிந்த கையோடு திருச்செந்தூருக்குப் போய், சஷ்டி ஆறு நாளும் விரதம் கிடந்துவிட்டு வருகிறவர். அப்படிப்பட்ட மனிதர் முன்னால் இப்படி ஒரு புளுகா என்று வேல்விழிக்கு அழுகையே வந்துவிட்டது.

அன்பரசனுக்கும்தான் வந்தது. பிறந்ததிலிருந்து ஒரே ஒரு தடவை நிஜப் பனியைத் தொட்டவன், அதைக் கட்டின பெண்டாட்டியிடம்கூடச் சொல்லிச் சந்தோஷப்பட முடியவில்லை.

முனியராஜ்தான் வழி சொன்னான். "ஏலே, அவுக எத நம்புவாகளோ அதச் சொல்லிட்டுப் போயேன்."

அன்று சாயங்காலமே அன்பரசன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தான். பனிமலையை அழித்துவிட்டுக் குற்றாலம் மெயினருவியைக் கொண்டுவந்தான். மூன்று பேரையும் துண்டோடு அதன் அடியில் நிறுத்தினான். தலைக்கு எண்ணெய்ப் பளபளப்புகூட ஏற்றினான்.

"மன்னிச்சிரு வேல்விழி. நேபாளமெல்லாம் பொய்யி. தீவாளிக்கு மறுநாள்லேருந்து குத்தாலத்துலதான் கெடந்தோம்."

வேல்விழி போட்டோவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முகம் தெளிந்தது.

"இதுல பாருங்க, எம்புட்டு இயற்கையா இருக்கீக. மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல."

அவள் பெட்டியை எடுக்க உள்ளே போனாள். வேலுத்தாய் மருமகனுக்குக் காப்பியைக் கொண்டுவந்து நீட்டினாள். அன்பரசன் நிம்மதியாக வாங்கி ஒரு வாய் குடித்தான்.

சங்கிலிமுத்து மட்டும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, போட்டோவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பொய்யைக் கண்டால் அவருக்கு ஆகவே ஆகாது.

"இதுவும் ஒட்டுனதுதான் மாப்ள. சஷ்டி ஆறு நாளும் மெயினருவியில வெள்ளமுன்னு போலீசு கயித்தக் கட்டி ஒருத்தரையும் விடலயே, நானே பக்கத்துல இருக்க புலியருவிக்குப் போயித்தான குளிச்சேன்."