ஒட்டகச்சிவிங்கியால் ஏறிப்போன காது ஓட்டை

பட்டம் வாங்கியவனுக்கும் பாடம் புரிந்தவனுக்கும் எவ்வளவு தூரம் என்று கேட்டால், அரை விரற்கடை என்று சொல்லிவிடுவேன். என் அக்கா மகனின் இடது காதில் அளந்து பார்த்துக்கொள்ளலாம். கீழ்மடலின் நடுவே இருக்க வேண்டிய ஓட்டை, அந்த அரை விரற்கடை மேலே ஏறி, ஓரமாக நிற்கிறது. குத்தியவன் ஆசாரி. அது அங்கே போய் உட்கார்ந்ததற்குக் காரணம் நான். (ஆசாரி இதை இன்னும் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறான். நானே எழுதிவிட்டால் அவன் வாய் கொஞ்சம் ஓயும்.)

எழுபதுகளின் கடைசி. விலங்கியலில் பி.எஸ்ஸி. தேறியிருந்தேன். பரிணாமப் பாடத்தைப் பன்னிரண்டு வரியில் மனப்பாடம் செய்து, பரீட்சையில் ஆறு பக்கத்துக்கு விரித்தவன் நான். எங்கள் தெருவில் அந்தப் படிப்புக்கு முதல் ஆள் என்பதால், கோழிக்குச் சீக்கு வந்தால்கூட என்னிடம்தான் கேட்பார்கள். நானும் யோசனை சொல்வேன். (சில கோழிகள் அதையும் மீறிப் பிழைத்தன.) வேலைதான் கிடைக்கவில்லை.

அக்காவை அடி அண்ணாமலையில் கொடுத்திருந்தோம். அக்கா புருஷன், அதாவது மாமா, ஒருநாள் என்னைத் தேடி வந்தார்.

“மச்சான், நம்ம பையனுக்குக் காது குத்தறோம். ஒரு பள்ளிக்கூடத்துத் தாளாளர் வர்றாரு. எனக்குத் தூரத்துச் சொந்தம். அங்க சயின்ஸ் வாத்தியார் எடம் காலியா இருக்கு. தாய்மாமன் நீதான் புள்ளைய மடியில வெச்சிகினு உக்காரப் போற. அவரு பாக்கறப்ப நாலு வார்த்தை அறிவா பேசு. வேலை உனுக்குத்தான்.”

நாலு வார்த்தை என்று அவர் தெளிவாகத்தான் சொன்னார். நான்தான் எண்ணவில்லை.

கிரிவலப் பாதையோரம் பந்தல். பின்னால் ஒரு மதில், அதன்மேல் ஏழெட்டுக் குரங்குகள். என் மடியில் பதினோரு மாதத்துப் பையன், புது மொட்டையும் சந்தனமுமாக, கையில் ஒரு வாழைப்பழத்தைப் பிசைந்துகொண்டிருந்தான். எதிரே ஆசாரி ஏகாம்பரம். எட்டாவது வரை என்னோடு படித்தவன். அப்புறம் அப்பாவின் பட்டறையில் உட்கார்ந்துவிட்டான். முதல் வரிசை நாற்காலியில் தாளாளர். தூங்குகிறாரா, கவனிக்கிறாரா என்று கண்டுபிடிக்க முடியாத முகம்.

“நம்ம மச்சான் உயிருங்களப் பத்தியே படிச்சவரு” என்று மாமா ஆரம்பித்து வைத்தார்.

தாளாளர் கண்ணைத் திறந்தார். “அப்படியா? கொரங்குலேர்ந்து மனுசன் வந்தான்றாங்களே. அது இன்னா தம்பி?”

இலை போட்டுப் பரிமாறின மாதிரி கேள்வி. விடுவேனா?

“ரொம்ப சுலபம் சார். எது தேவையோ அதுக்கேத்த மாதிரி உயிருங்க தன்னை மாத்திக்கும். ஒட்டகச்சிவிங்கி மேல இருக்கற தழைய எட்டி எட்டித் தின்னுச்சு. கழுத்து நீண்டுபோச்சு. அந்த நீளம் குட்டிக்கும் வந்துச்சு. அதே மாதிரி கொரங்கு நிமிந்து நிக்க முயற்சி பண்ணிச்சு, மனுசனாயிடுச்சு.”

வடைக் கூடைக்குக் காவல் உட்கார்ந்திருந்த மாமாவின் அத்தை மதிலைக் காட்டினார். “இதுங்க எப்போப்பா ஆவும்?”

“முயற்சி பண்ணிகினுதாம்மா இருக்கு. நாளாவும்.”

“சீக்கிரம் ஆவச் சொல்லு. மனுசனாயிட்டா பந்தியில ஒழுங்கா உக்காந்து துன்னும். இப்போ கூடையோட தூக்கிகினு போவுது.”

பந்தல் முழுக்கச் சிரித்தது. தாளாளரும் சிரித்தார். எனக்கு வேலையே கிடைத்துவிட்ட மாதிரி தலை சுற்றியது. அதற்குள் ஏகாம்பரம் வலது காதைக் குத்தி முடித்திருந்தான். பையன் அழுது, வெல்லம் தின்று, ஓய்ந்தான். இடது காதில் குங்குமப் பொட்டு வைத்துவிட்டு, கம்பியைக் கையில் எடுத்தவன் என்னை நிமிர்ந்து பார்த்தான்.

“டேய், ஒரு சந்தேகம்.”

“கேளு, கேளு” என்றேன். (பெரிய மனசு.)

“எங்க பாட்டனுக்குப் பாட்டன் காலத்துலேர்ந்து இந்த ஊருக்கு நாங்கதான் காது குத்தறோம். ஆத்தா காதுல ஓட்டை, அப்பன் காதுல ஓட்டை, அவங்க அப்பன் காதுலயும் ஓட்டை. நீண்ட கழுத்து குட்டிக்கு வரும்னா, இந்த ஓட்டை ஏன்டா புள்ளைக்கு வரல? ஒரு புள்ளையாவது ஓட்டையோட பொறந்திருக்கணுமே?”

குத்தலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டுத்தான் கேட்டான். அதுதான் ஆபத்து. தாளாளர் நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். என் பன்னிரண்டு வரியையும் மேலிருந்து கீழும் கீழிருந்து மேலும் தேடினேன். காதைப் பற்றி ஒரு சொல் இல்லை.

“நல்ல கேள்வி சார்... அதாவது ஏகாம்பரம்... அது வந்து, இப்போ அந்த ஒட்டகச்சிவிங்கியவே எடுத்துக்குவோம்...”

விஷயம் இல்லாத இடத்தில் எனக்குக் கை பேசும். கழுத்தின் நீளத்தைக் காட்ட இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கினேன். குழந்தையின் தலையைப் பிடித்துக்கொண்டிருந்ததும் அதே இரண்டு கைகள்தான். ஏகாம்பரம் குனிந்து கம்பியை வைத்த அந்தக் கணத்தில், பிடி விட்ட மொட்டைத் தலை குரங்கைப் பார்க்கத் திரும்பியது.

பையன் போட்ட கூச்சலில் இரண்டு குரங்குகள் மதிலைவிட்டு இறங்கி ஓடின.

“அறிவு கெட்டவனே!” என்று அக்கா ஓடி வந்தாள். “புள்ளையப் புடிடான்னா ஒட்டகத்தப் புடிச்சிகினு நிக்கிறியே!”

“ஒட்டகம் இல்லக்கா, ஒட்டகச்சிவிங்கி” என்று திருத்தினேன். (அந்த நேரத்திலும்.)

இன்னொரு தடவை குத்த அக்கா சம்மதிக்கவில்லை. ஓட்டை அங்கேயே நின்றது. தாளாளர் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு என்னிடம் வந்தார். “ஆசாரி கேட்டாரே, அதைத்தான் எங்க பசங்களும் கேப்பானுங்க. பதில் கெடச்சா வந்து பாருங்க தம்பி” என்று சொல்லிவிட்டுப் போனார்.

வேலை போன வருத்தத்தைவிட அந்தக் கேள்விதான் அதிகமாகக் குடைந்தது. மூன்று வாரம் நூலகத்தில், முதல் இருபது பக்கம் கிழிந்துபோன ஒரு தடிப் புத்தகத்தோடு உட்கார்ந்தேன். பட்டம் வாங்கிய பிறகு நான் படித்த முதல் பாடம் அது. எட்டி எட்டிக் கழுத்து வளர்ந்த கதை, எப்போதோ தள்ளிவிட்ட பழைய கருத்தாம். ஒட்டகச்சிவிங்கிகள் பிறக்கும்போதே ஒன்றுபோல் ஒன்று இருப்பதில்லை. ஒன்றுக்குக் கழுத்து சற்று நீளம், ஒன்றுக்குக் குட்டை. யாரும் முயன்று வந்ததல்ல. இருக்கிற தழைக்கு மிஞ்சிக் குட்டிகள் பிறக்கின்றன. எட்டுகிறது பிழைத்து, அதிகம் குட்டி போடுகிறது. பிறவியில் வந்த நீளம் என்பதால் குட்டிக்கும் போகிறது. எந்த ஒட்டகச்சிவிங்கியும் தன் ஆயுளில் மாறவில்லை. தலைமுறை தலைமுறையாகக் கூட்டம்தான் மாறியது.

படித்துக்கொண்டிருந்தபோது எங்கள் வீட்டு விதை மல்லாட்டை ஞாபகம் வந்தது. (பட்டணத்தில் வேர்க்கடலை என்பார்கள்.) வருஷா வருஷம் திரட்சியான காயாகப் பொறுக்கித்தானே விதைக்கு எடுத்து வைக்கிறோம்? காட்டில் பொறுக்க ஆள் கிடையாது. வறட்சியும் பசியும் நோயும் பொறுக்குகின்றன, இன்னதுதான் வேண்டும் என்ற எண்ணமே இல்லாமல். மதில்மேல் இருந்த குரங்கும் நமக்குத் தாத்தா இல்லை, பங்காளி. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் ஒரே வீட்டிலிருந்து பாகம் பிரிந்தவர்கள். அது மனிதனாக முயற்சி எதுவும் செய்யவில்லை. தன் பாகத்தில் சௌக்கியமாக இருக்கிறது.

தாளாளரிடம் ஓடினேன். பொறுமையாகக் கேட்டார். “இப்போ சரி. ஆனா போன வாரமே ஆள் எடுத்துட்டமே” என்றார். அப்படியே ஏகாம்பரத்தின் பட்டறைக்குப் போனேன். ஊதுகுழலைக் கீழே வைத்துவிட்டு முழுசாகக் கேட்டான்.

“அப்போ, பொறக்கறப்பவே கூட வர்ற வித்தியாசம்தான் கணக்கு. நடுவுல நாங்க குத்தறது அந்த ஒடம்போட சரி. அப்படித்தானே?”

“அதேதான்.”

“இத அன்னிக்கே நாலு வார்த்தையில சொல்லிட்டு, புள்ளையப் புடிச்சிருக்கலாமேடா.”

வாத்தியார் வேலை கடைசிவரை கிடைக்கவில்லை. வேங்கிக்காலில் ஓர் அரசு அலுவலகத்தில் குமாஸ்தாவானேன். (பரிணாமம் எட்டிப் பார்க்காத இடங்களும் உண்டு என்று அங்கே தெரிந்துகொண்டேன்.) அந்தப் பையன் வளர்ந்தான், கல்யாணமாயிற்று, பெண் குழந்தை பிறந்தது. ஆஸ்பத்திரியில் அக்கா முதல் வேலையாகத் துணியை விலக்கிக் குழந்தையின் இடது காதை என்னிடம் காட்டினாள்.

“நல்லாப் பாத்துக்கோடா. அப்பன் காதுல ஓட்டை கோணல். இதுக்கு ஓட்டையே இல்ல. ஏகாம்பரத்துக்குச் சொல்லி அனுப்பட்டுமா?”

அந்தக் குழந்தைக்கும் காது குத்தினார்கள். தாய்மாமன் வேறு பையன். மடியில் வைத்துக்கொண்டு வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தான். கம்பியோடு வந்த ஏகாம்பரம் பந்தலை ஒரு சுற்றுப் பார்த்து, என்னைக் காட்டி, “மொதல்ல அவன் கையக் கட்டுங்க” என்றான். உடனே என்னைப் பத்தடி தள்ளி உட்கார வைத்து, ஒரு சீர்வரிசைத் தட்டைக் கொடுத்தார்கள். முழுத் தேங்காய்களை அடுக்கி வைத்த, இரண்டு கையாலும் பிடிக்க வேண்டிய பெரிய தட்டு.