திருக்கை வலையும் தொம்மையின் கோலும்

கால்பந்தைப் பற்றி ஓயாமல் பேசுகிறவனுக்குக் கால்பந்து ஆட வராது. இது உலக நியதி. என்னையே உதாரணமாக எடுத்துக்கொள்ளலாம். எழுபதுகளில் தூத்துக்குடியில் எங்கள் தெரு கிளப்புக்காக நான் ஒரே ஒரு மேட்ச் ஆடினேன். அதிலும் பாதியிலேயே பந்து மூக்கில் பட்டு வெளியேறினேன். (மூக்கு இன்றும் லேசாக மேற்கே பார்க்கும்.) அதோடு ஆட்டத்தை விட்டுவிட்டு முழுநேர ரசிகனானேன். பகலில் துறைமுகத்தில் ஒரு சரக்கு ஏஜென்டிடம் எழுத்தர் வேலை. சாயங்காலமானால் அண்ணாச்சி டீக்கடையில் நிபுணர் வேலை.

அந்த வருஷம் டீக்கடை இரண்டு கட்சியாகப் பிரிந்து கிடந்தது. காரணம் தொம்மை. எங்கள் அணியின் நடு ஆட்டக்காரன். அந்தக் காலப் பேச்சில் சென்டர் ஆஃப். முந்தின சீசனில் காயல்பட்டினத்து அணி ஒன்றில் அந்த இடத்துக்காரர் காலை முறித்துக்கொள்ள, எங்கள் செயலாளர் பெரிய மனசு பண்ணித் தொம்மையை ஒரு சீசனுக்கு இரவல் கொடுத்திருந்தார். சீசன் முடிந்து அவன் திரும்பி வருகிறான். இதற்கிடையில் அவன் இடத்தில் இறங்கிய புது ஆள் நன்றாகவே ஆடிக்கொண்டிருந்தான்.

"இரவல் போன உரல் தேஞ்சுதாம்லே திரும்பும்," என்றான் கஸ்பார். எதிர்க்கட்சித் தலைவன் அவன்தான். "அங்கன நெய்ச்சோறும் வட்டலப்பமுமா தின்னு தொப்ப போட்டுட்டானாம். ஓடவே மாட்டுக்கானாம்."

"தொம்மை எதுக்குலே ஓடணும்? பந்து தானா அவங்கிட்ட வரும்," என்றேன் நான்.

"வந்து? சோறு போடுன்னு கேக்குமோ?"

அண்ணாச்சி டீயை ஆற்றிக்கொண்டே, "நீங்க ரெண்டு பேரும் பேசியே அவன் காலையும் ஒடிச்சிருவிய போலிருக்கே," என்றார்.

நான் தொண்டை கிழியக் கத்தியதற்குத் தொம்மையின் ஆட்டம் மட்டும் காரணமில்லை. அவனுக்குப் பிலோமினா என்று ஒரு தங்கை இருந்தாள். (பார்த்தீர்களா, பந்து எங்கே உருள்கிறதென்று!) ஞாயிற்றுக்கிழமை மேட்ச் முடிந்ததும் என் அம்மா அவர்கள் வீட்டுக்குப் போய்ப் பெண் கேட்பதாக ஏற்பாடு. செயலாளரோ, "அந்த மேட்ச்ல தொம்மை ஆடுததப் பாத்துத்தான் எடம், இல்லன்னா புது ஆளே இருக்கட்டும்," என்று சொல்லிவிட்டார். இடம் பறிபோய் அண்ணன்காரன் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிற வீட்டில் போய்ப் பெண் கேட்க முடியுமா? எனவே தொம்மை ஜொலிக்க வேண்டும். அதில் என் பங்கும் இருக்க வேண்டும்.

எங்கள் மைதானத்தில் கோல் கம்பம் உண்டு, வலை கிடையாது. பந்து கம்பத்துக்கு உள்ளே போனதா வெளியே போனதா என்று ஒவ்வொரு மேட்சிலும் சண்டை. ஆட்டத்தைவிடச் சண்டை நீளமாக இருக்கும். தொம்மை போடப்போகிற கோலுக்கு அப்படி ஒரு சந்தேகமே வரக் கூடாதென்று முடிவு செய்தேன். வலைக்காரன் மகனுக்கு வலைக்கா பஞ்சம்? அப்பாவின் மீன்வலைக் கொட்டகைக்குப் போய், இருந்ததிலேயே தடித்த கயிறுள்ள வலையாகப் பார்த்து எடுத்தேன். மற்றதெல்லாம் தொம்மையின் உதை தாங்காது. இதுவோ கட்டில் அகலத் திருக்கை மீனையே பிடித்து நிறுத்துகிற வலை. பந்தெல்லாம் எம்மாத்திரம்! இரண்டாம் பாதியில் நாங்கள் வழக்கமாகக் கோல் போடுகிற பக்கத்துக் கம்பத்தில் நானே ஏறிக் கட்டினேன்.

"என்னலே இது, சன்னல் மாதிரி இருக்கு?" என்று கஸ்பார் கேட்டான். பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

நடுவருக்கு வலையைப் பார்த்ததில் பரம சந்தோஷம். அவர் சாத்தான்குளத்து டிரில் மாஸ்டர். மீனைக் குழம்பில் மட்டுமே பார்த்தவர். இரண்டு அணியையும் கூப்பிட்டு, "இன்னைக்குச் சண்டைக்கே எடமில்ல. இந்தப் பக்கம் பந்து வலையில நின்னா கோலு, நிக்கலைன்னா இல்ல," என்று அறிவித்தார். முதலில் கைதட்டியது நான்தான்.

தொம்மை ஆடினான் பாருங்கள்! தொப்பை இருந்தது உண்மை. ஆனால் அந்தத் தொப்பையோடு நடு மைதானத்தில் நின்றபடி அவன் பந்தை அனுப்பிய அழகைப் பார்த்துக் கஸ்பாரே எழுந்து நின்று கைதட்டினான். ஆட்டம் முடியப் போகிற நேரம். இரண்டு பக்கமும் கோல் இல்லை. தொம்மை தூரத்திலிருந்தே ஒரு உதை விட்டான். கோல்கீப்பர் தாவி விழுந்தார். பந்து இரண்டு கம்பத்துக்கும் நட்டநடுவே நுழைந்தது, வலைக்குள் போனது, வலையை விட்டும் வெளியே போய், வேலியோரம் மேய்ந்துகொண்டிருந்த ஆட்டின் வயிற்றில் முட்டியது. வலை ஆடக்கூட இல்லை.

நடுவர் வலையைப் பார்த்தார். பந்தைக் காணோம். "வெளிய!" என்று கையைக் காட்டிவிட்டார்.

அந்த நேரம் பார்த்து, கொட்டகையில் வலையைக் காணாமல் அப்பா தேடிக்கொண்டு வந்து சேர்ந்தார். தெய்வமே சாட்சியை அனுப்பியது என்று அவரை நடுவரிடம் இழுத்துக்கொண்டு ஓடினேன்.

"யப்பா, இந்த வலையில பந்து நுழைஞ்சு போவுமா போவாதா, நீங்களே சொல்லுங்க!"

"போவாம? மூணு பந்து சேந்தே போவும். சார், இது திருக்கை வலை. சின்ன மீனெல்லாம் வெளிய போவட்டும்னுதான் இம்புட்டுப் பெரிய கண்ணி."

நடுவர் கண்ணிக்குள் கையை விட்டுப் பார்த்தார். போனது. தலையை விட்டுப் பார்த்தார். அதுவும் போனது. தலையை வெளியே எடுக்காமலே, "அப்ப எந்த மடையன் இதைக் கொண்டாந்து கட்டுனான்?" என்றார்.

மைதானமே என்னைப் பார்த்தது. அப்பா மட்டும் வேறு பக்கம் பார்த்தார்.

வலையில் நின்றால்தான் கோல் என்று சொன்னது சொன்னதுதான் என்று நடுவர் அடம்பிடிக்க, ஆட்டம் கோல் இல்லாமலே முடிந்தது. தொம்மை நேராக என்னிடம் வந்தான். அடிக்கப்போகிறான் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"ஒரு சீசன் பூரா வேத்தூருக்கு ஆடிட்டு வாரேன். திரும்பி வந்து நம்ம ஊருக்குப் போட்ட மொத கோலை நீ முழுங்கிட்டியேலே," என்றான். அடித்திருந்தால் தேவலை. வெட்கத்தில் எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

செயலாளர், கண்ணால் பார்த்ததே போதும் என்று அவன் இடத்தை அவனுக்கே கொடுத்துவிட்டார். டீக்கடையில் கஸ்பார், "கோலுதாம்லே அது! கோலேதான்!" என்று என்னைவிட உரக்கக் கத்தினான். ஊரே தொம்மையின் கட்சியாகிவிட்டது. மிச்சம் இருந்தது என் கதைதான். பெண் கேட்கப் போக வேண்டாம் என்று அம்மாவிடம் கெஞ்சினேன். அம்மா கேட்கவில்லை.

அங்கே தொம்மை, "அந்த வலைக்காரனுக்கா? முடியவே முடியாது," என்று குதித்திருக்கிறான். உள்ளேயிருந்து பிலோமினாதான் பேசினாளாம். "ஒன் கோலுக்காவ ஊருக்கு முன்னால அவமானப்பட வேற யாரு வருவா? அதோட, அம்புட்டுப் பெரிய ஓட்டையே அவுக கண்ணுல படலைன்னா, என் கொறையெல்லாம் எங்க படப்போவுது?"

கல்யாணத்துக்குத் தொம்மை கொடுத்த சீர் ஒரு கொசுவலை. பந்தலில் நாலு பேரை விட்டு அதை விரித்துப் பிடிக்கச் சொல்லி, கக்கத்தில் கொண்டுவந்திருந்த பந்தை அதில் உதைத்துக் காட்டிய பிறகுதான் என் கையில் கொடுத்தான். "நிக்குது மாப்பிள்ள. தைரியமா வச்சுக்கோ."

அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் எந்தக் கல்யாணம் நடந்தாலும் கொசுவலையும் பந்தும் உண்டு. போன மாதம் பெரியதாழையில் பேத்தியின் கல்யாணம். தொம்மைக்கு இப்போது முட்டி மடங்காது. கம்பை ஊன்றிக்கொண்டு பந்தைக் காலால் மெல்லத் தள்ளிவிட்டான். அது உருண்டு போய் வலையில் நின்றது.

"கோலு!" என்று பிலோமினா கத்தினாள். பந்தலே சேர்ந்து கத்தியது. மாப்பிள்ளை வீட்டார் ஒன்றும் புரியாமல் விசாரிக்க, எல்லோரும் சிரித்துக்கொண்டே என்னைக் கை காட்டினார்கள். நான் அப்பாவைப் போலவே வேறு பக்கம் பார்த்தேன்.