கொழும்பில் கடல் தேடிய கொடைக்கானல் கைடு

கைடு வேலை பார்ப்பவனுக்கு அடுத்தவரிடம் வழி கேட்க வாய் வராது. பன்னிரண்டு வருடமாகக் கொடைக்கானலைச் சுற்றிக்காட்டிய எனக்கு அந்த வியாதி முற்றியிருந்தது. அது முழுசாக வெளிப்பட்டது கொழும்பில், மாமியார் முன்னிலையில்.

அத்தை இலங்கையில் அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். எட்டு வயதில் குடும்பத்தோடு இந்தியா வந்து கொடைக்கானலை ஒட்டிய செண்பகனூரில் வளர்ந்தார். கொழும்புக் கடலைக் காட்டுகிறேன் என்று அவருடைய அப்பா சொல்லிக்கொண்டே இருந்தாராம். காட்டாமலே போய்ச் சேர்ந்துவிட்டார். போன வருடம் அத்தையையும் என் மனைவி செல்வியையும் தோட்டத்தைப் பார்க்க அழைத்துப் போனேன். கொழும்பில் இறங்கிய மறுநாள் காலை அட்டனுக்கு ரயில். கொழும்புக்கு எங்களிடம் இருந்தது ஒரே ஒரு பகல்.

ஓட்டல் நகரின் நட்டநடுவில். வரவேற்பறையில் இருந்த பெண், "கடல், பழைய வெளிச்சவீடு, சந்தை எல்லாம் கிட்டதான் சேர். கூட்டிக்கொண்டு போக ஆள் ஒழுங்கு செய்யட்டா?" என்றார்.

"வேண்டாம்மா, நானே கைடுதான்" என்றேன். (சொன்ன தோரணைக்கு அவர் எழுந்து நின்றிருக்க வேண்டும்.)

மலையில் வழி தவறினால் இறக்கத்தைப் பிடித்து நடப்பேன். ஏதாவது ஓர் ஊர் வந்துவிடும். கொழும்பில் இறக்கமே இல்லை. "போன்ல மேப்பப் பாருங்களேன்" என்றாள் செல்வி. "மேப்பெல்லாம் டூரிஸ்டுக்கு" என்றேன். வேர்த்துக் கொட்ட ஒரே வங்கியை மூன்று முறை கடந்தோம். மூன்றாவது முறை அதன் காவலாளி எங்களுக்கு வணக்கமே வைத்துவிட்டார்.

கடைசியில், துறைமுக மதிலை ஒட்டி ஒரு கட்டிடம். வாசலில் கப்பல் படம் போட்ட பலகை, நீண்ட வரிசை. வரிசை நிற்கும் இடமே பார்க்க வேண்டிய இடம் என்பது என் தொழில் அனுபவம். (பலகையில் எழுதியிருந்ததைப் படிக்கவில்லை. கைடு எங்கே படித்தான்?) இருவரையும் நிழலில் உட்காரவைத்துவிட்டு நான் போய் நின்றேன்.

"ஏங்க, எல்லாரும் கையில பைல் வச்சிருக்காங்க" என்றாள் செல்வி.

"உள்ளூர்க்காரங்களுக்கு அப்படித்தான். நமக்குப் பாஸ்போர்ட் போதும்."

ஒரு மணி நேரம் அசையாமல் நின்றேன். மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரி நல்ல தமிழில் பெயர் கேட்டு ஒரு ரெஜிஸ்டரில் எழுதினார்.

"கடல் ஒத்துக்கொள்ளுமா?"

"அதுக்குத்தாங்க வந்திருக்கோம்."

"சமைக்கத் தெரியுமா?"

இது எதற்கு என்று ஒரு கணம் தோன்றியது. ஆனாலும் இவ்வளவு நேரம் நின்றுவிட்டுப் பின்வாங்குவதா? "நல்லாவே தெரியும்" என்றேன். கையெழுத்தும் போட்டேன்.

"எப்ப கப்பல் ஏற ஏலும்?"

"இப்பவே. வெரசா பாத்துட்டு எறங்கிருவோம்."

"ஒன்பது மாசத்துக்கு இறங்க ஏலாது தம்பி. இது கப்பல் சமையல் வேலைக்கு ஆள் எடுக்கிற இடம்."

எனக்குப் பின்னால் வரிசை மொத்தமும் சிரித்தது. அத்தை எழுந்து வந்தார். "ஐயா, எனக்குக் கடல் பாக்கணும். எந்தப் பக்கம் போகணுங்க?" என்று அந்த அதிகாரியிடமே கேட்டார். அவ்வளவுதான். அவரே வெளியே வந்து ஆட்டோ பிடித்துக் கொடுத்தார். பத்தே நிமிடத்தில் கடற்கரை. திரும்பிப் பார்த்தால், எங்கள் ஓட்டல் தெரிந்தது.

அத்தை சேலை நனைய அலையில் நின்றார். பிறகு, "அப்பா சொன்ன மாதிரியே பெருசாத்தான் கெடக்கு" என்றார். அவர் கண்ணைத் துடைத்தபோது நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

அதோடு முடிந்ததா? இன்று வரை எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமைச் சமையல் என்னுடையது. முதல் வாரம் மறுத்துப் பார்த்தேன். "நல்லாவே தெரியும்னு வெளிநாட்டு ரெஜிஸ்டர்ல கையெழுத்துப் போட்டவருல்ல மாப்ள" என்று அத்தை கரண்டியைக் கையில் கொடுத்துவிட்டார். சொந்தக்காரர்கள் யார் வந்தாலும் என் குழம்பை ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, தண்ணீரைக் குடித்துக்கொண்டு, ஒரே கேள்விதான் கேட்கிறார்கள்:

"அந்தக் கப்பல் தப்பிச்சிருச்சு. நாங்க என்னங்க பாவம் செஞ்சோம்?"