மேலே போன சம்மனசு

எனக்கு உயரம் என்றாலே பயம். ஸ்டூலில் ஏறி பல்பு மாட்டுகிற வேலையைக்கூட இன்றுவரை என் மனைவிதான் செய்கிறாள். அப்படிப்பட்ட நான் ஒரு காலத்தில் வானத்திலிருந்து இறங்குகிற சம்மனசாக இருந்தேன். (தேவதூதரை எங்கள் பக்கத்தில் சம்மனசு என்போம்.)

கத்தோலிக்கக் கோயில்களில் பூசை லத்தீனிலிருந்து தமிழுக்கு மாறிக்கொண்டிருந்த அறுபதுகள். திருச்சுழிக்குப் பக்கத்தில் ஒரு கரிசல் கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராகச் சேர்ந்திருந்தேன். ஊர்க் கோயில் மிக்கேல் அதிதூதருடையது. செப்டம்பர் கடைசியில் திருவிழா. அன்று சாயங்காலம் மிக்கேலின் சப்பரம் கோயில் வாசலுக்கு வந்ததும், மணிக்கூண்டிலிருந்து ஒரு சம்மனசு கயிற்றில் பாடிக்கொண்டே இறங்கி அவருக்கு மாலை போடவேண்டும்.

ஊரில் பாடத் தெரிந்தவர்களுக்கெல்லாம் தொப்பை இருந்தது. எனக்கோ உடம்பே கிடையாது. சாமியாருக்கு அடுத்தபடி கோயிலைக் கவனிக்கிற உபதேசியார் என்னை மேலும் கீழும் பார்த்தார். "வாத்தியார் தம்பி, இந்த வருசம் சம்மனசு நீங்கதான். பாட்டு தமிழ்ல இருக்கணும். நீங்களே கட்டிருங்க."

முடியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் உபதேசியாருக்கு ரோசம்மா என்று ஒரு மகள் இருந்தாள். பாடகர் குழுவில் முன்வரிசை, கணீர்க் குரல். எங்கள் வீட்டில் பெண் கேட்டு அனுப்பியிருந்தார்கள். "திருவிழா முடியட்டும், பாப்போம்" என்றிருந்தார் உபதேசியார். மனுஷன் சோதிக்கிறார் என்று புரிந்தது. "சரிங்கய்யா" என்றேன். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

பாதுகாப்பைப் பற்றி விசாரித்தது அடுத்த முட்டாள்தனம். முன்பெல்லாம் கயிற்றை ஆட்கள்தான் பிடித்தார்களாம். ஒரு வருஷம் சம்மனசு பாதியில் தொங்கும்போது கோயில் மணி அடித்திருக்கிறது. பக்தியுள்ள ஜனங்கள். எல்லாரும் ஒரே சமயத்தில் சிலுவை போடக் கையை எடுத்துவிட்டார்கள். (அந்தச் சம்மனசைப் பந்தல்குடி பஸ்ஸில் பார்த்திருக்கிறேன். ஒரு காலை இழுத்து இழுத்துத்தான் நடப்பார்.)

அதன்பிறகு கயிறு கமலை மாடுகளிடம் போனது. கிணற்றில் தண்ணீர் இறைக்கிற மாடுகள். முன்னால் நடந்தால் சால் மேலே வரும், பின்னால் நடந்தால் கீழே போகும். சாலுக்குப் பதில் சம்மனசு, அவ்வளவுதான். முத்துக்கருப்பன் அண்ணனுக்குச் சாமி வேறு என்றாலும் திருவிழாவுக்குத் தன் சோடியை ஓட்டி வந்துவிடுவார்.

"பயப்படாதீக வாத்தியாரே. எம் மாடு சிலுவை போடாது" என்றார்.

அந்த நாளும் வந்தது. ஜிகினா ஒட்டிய அங்கி, மூங்கில் பிளாச்சில் கொக்கு இறகு கட்டிய சிறகு, இடுப்பில் கமலை வடம். மணிக்கூண்டு விளிம்பில் நின்று குனிந்து பார்த்தேன். நேர் கீழே சப்பரத்தில் மிக்கேல் சிலை, காலடியில் மிதிபடும் பிசாசு, அவர் கையில் ஓங்கிய வாள். கொல்லரிடம் புதிதாக அடித்து வாங்கிய இரும்பு வாள். அதன் நுனி என்னையே பார்த்தது. தெரிந்த ஜெபமெல்லாம் மறந்துபோய் பதினாறாம் வாய்ப்பாடு ஞாபகத்துக்கு வந்தது. யாரோ முதுகில் கைவைத்தார்கள். தொங்கினேன்.

கொஞ்ச தூரம் இறங்கியதும் கண்ணை மூடிக்கொண்டு பாட ஆரம்பித்தேன். இறங்குவது நின்றது. பிறகு மேலே போக ஆரம்பித்தேன்.

பாட்டின் வார்த்தைகள் என்னுடையவை. மெட்டும் என்னுடையது என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் விடிந்தால் கிணற்றுமேட்டில் கேட்கிற கமலைப் பாட்டு எனக்கே தெரியாமல் காதில் புகுந்து உட்கார்ந்திருக்கிறது. அந்தப் பாட்டைக் கேட்டால் மாடு முன்னால் இழுக்கும், பாட்டு நின்றால் பின்னால் வரும். அதுவரை லத்தீன் பாட்டு. எங்களுக்கும் புரியாது, மாடுகளுக்கும் புரியாது. சம்மனசுகள் பத்திரமாக இறங்கினார்கள். வழிபாடு தமிழுக்கு வந்ததும் முதலில் விளங்கிக்கொண்டவை அந்த இரண்டு மாடுகள்தான்.

இதெல்லாம் பிறகு தெரிந்தது. அப்போது தெரிந்ததெல்லாம் தலையை நோக்கி வரும், வடம் ஓடுகிற கப்பி ஒன்றுதான். பயத்தில் பாட்டை நிறுத்தினேன். உடனே வாளை நோக்கி இறங்கினேன். அலறிக்கொண்டு மறுபடி பாடினேன், மறுபடி மேலே போனேன்.

"நிறுத்தாதீக தம்பி! பாடுங்க, பாடுங்க!" என்று கீழே உபதேசியார் கத்த, ஊரும் சேர்ந்து கத்தியது. சம்மனசு மோட்சத்துக்கே திரும்புகிறார் என்று நினைத்து ஓர் அம்மாள் முழங்காலில் விழுந்தாள். முத்துக்கருப்பன் அண்ணன் மூக்கணாங்கயிற்றைப் பிடித்துக்கொண்டு போட்ட சத்தம் கொட்டுமேளத்தில் அமுங்கிப்போனது. செத்துப்போவேன் என்று நிஜமாகவே நம்பினேன். அழுதுகொண்டே பாடினேன்.

அப்போதுதான் மாடுகளுக்குப் பக்கத்தில் நின்ற ரோசம்மாவின் குரல் மேளத்தையும் மீறி வந்தது.

"வாத்தியார் சார்! பாடப் பாட மேல போறீக! வாய மூடுங்க!"

அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு அது. மூடினேன்.

மாடுகள் பின்னால் வந்தன. மெதுவாக இறங்கினேன். வாளுக்கு வெகு அருகில் வந்தபோது காற்று ஒரு ஆட்டு ஆட்டியது. இடது சிறகு வாளில் மாட்டிக் கிழிந்தது. கையிலிருந்த மாலை நழுவி, நேராகப் பிசாசின் கழுத்தில் போய் உட்கார்ந்தது. கொட்டுமேளம் நின்றுவிட்டது.

மறுநாள் காலை மன்னிப்புக் கேட்க உபதேசியார் வீட்டு வாசலில் நின்றேன். அவர் முகம் கொடுக்கவில்லை.

"பிசாசுக்கு மாலை போட்ட ஆளுக்கு எம் பொண்ணக் குடுக்கவா?"

உள்ளேயிருந்து ரோசம்மா பதில் சொன்னாள். "ஊரே பாடு பாடுன்னு கத்துச்சு. நான் ஒருத்தி சொன்னதும் வாய மூடுனாக. இப்படி ஒரு மாப்பிள்ளை எங்க கிடைப்பாக அப்பா?"

உபதேசியார் யோசித்தார். தை மாதம் கல்யாணம் நடந்தது.

இன்றும் வீட்டில் நான் குரலை உயர்த்தினால் ரோசம்மா பதிலுக்குக் கத்துவதில்லை. "ஏங்க, மேல போறீக" என்பாள், அவ்வளவுதான். இப்போது பேரன் பேத்திகளும் அதையே சொல்லப் பழகிவிட்டார்கள். நானும் சத்தமில்லாமல் இறங்கிவிடுகிறேன்.